125 வருடம் என்றால் எந்த நாளிலிருந்து? லண்டன் ஃப்ளாட்டின் லீஸை நீட்டிப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய கவுன்சில் ஃப்ளாட்டை 2011-ல் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கினீர்கள். உங்களுக்கு விற்றவர் அதை 2003-ல் 'ரைட் டு பை' (கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவரே அதை வாங்கிக்கொள்ளும்) திட்டத்தில் கவுன்சிலிடமிருந்து, அதாவது உள்ளாட்சியிடமிருந்து, வாங்கியவர். லீஸ், அதாவது ஃப்ளாட் உங்கள் கையில் இருக்கும் காலம், 125 வருடம். 2003-லிருந்து எண்ணினால் இன்னும் 102 வருடம் இருக்கிறது, நம் காலத்தில் கவலையில்லை என்று இருந்துவிட்டீர்கள். இப்போது மார்ட்கேஜை வேறு வங்கிக்கு மாற்றப் போனால், புரோக்கர் "எண்பது வருஷம் சொச்சம்தான் இருக்கு, உடனே பாருங்க" என்கிறார். யார் கணக்கு சரி, லீஸை நீட்டிக்க வேண்டுமா, புதுச் சட்டம் வருகிறது என்கிறார்களே, அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரோக்கர் கணக்குதான் சரி. நீங்கள் அனுப்பிய லேண்ட் ரெஜிஸ்ட்ரி பிரதியிலேயே அது இருக்கிறது. முதல் பக்கத்தில், சொத்து விவரத்துக்குக் கீழே, லீஸைப் பற்றி மூன்று வரிகள் உண்டு. தேதி: 14 ஜூலை 2003. காலம்: 29 செப்டம்பர் 1981 முதல் 125 வருடம். அப்புறம் கையெழுத்திட்டவர்கள். எல்லோர் கண்ணும் முதல் வரியில் நின்றுவிடும். காரியம் இரண்டாவது வரியில் இருக்கிறது. பத்திரம் எழுதிய நாள் வேறு, காலம் ஓடத் தொடங்கிய நாள் வேறு. உங்கள் கட்டடத்தில் முதல் ஃப்ளாட்டைக் கவுன்சில் விற்றது எண்பதுகளின் தொடக்கத்தில். அதற்குப் பிறகு விற்ற ஃப்ளாட்டுகளுக்கும் அதே நாளில் முடிகிற மாதிரி லீஸ் கொடுக்க 1985-ம் வருட வீட்டுவசதிச் சட்டம் இடம் தருகிறது. கட்டடம் முழுக்க ஒரே நாளில் முடிந்தால் கவுன்சிலுக்கு வசதி. அதனால்தான் 2003-ல் எழுதிய லீஸ், பிறக்கும்போதே 22 வயதோடு பிறந்திருக்கிறது.

செப்டம்பர் 29 என்ற தேதியும் சும்மா வந்ததில்லை. மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 நான்கும் இங்கிலாந்தில் காலங்காலமாக வாடகை கொடுக்கும் நாட்கள். பழைய லீஸ்களில் இந்த நான்கில் ஒன்றுதான் அடிக்கடி கண்ணில் படும். உங்கள் லீஸ் 2106 செப்டம்பர் கடைசியில் முடிகிறது. அதாவது வரும் செப்டம்பர் கடைசியில் 80 வருடக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இப்போது 2026 பிப்ரவரி. கையில் ஏழு மாதம் இருக்கிறது.

அந்தக் கோடு ஏன் முக்கியம் என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். நம் ஊரில் லீஸ் என்றால் வேறு. சென்னையில் 'லீசுக்கு வீடு' என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பது, காலி செய்யும்போது பணம் திரும்ப வந்துவிடும். ஃப்ளாட் சொந்தமாக வாங்கினால் யு.டி.எஸ். என்று அடிநிலத்தில் உங்களுக்கும் இத்தனை சதுர அடி பங்கு வரும். கட்டடம் இடிந்தாலும் மண் இருக்கிறது என்று ஒரு தைரியம். இங்கே லீஸ்ஹோல்டு ஃப்ளாட்டில் அந்தப் பங்கு கிடையாது. மண்ணும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்கு, உங்கள் விஷயத்தில் கவுன்சிலுக்கு. நீங்கள் வாங்கியிருப்பது காலத்தை. மூன்று லட்சம் பவுண்டு கொடுத்துக் காலத்தை வாங்குகிறோம் என்று யாரும் சாவி வாங்கும் அன்று நினைப்பதில்லை. ஆனால் அந்தக் காலம் குறையக் குறைய வீட்டின் விலை குறைகிறது, கடன் கொடுக்கிற வங்கிகளும் குறைகின்றன.

சரி, கோட்டுக்கு வருவோம். ஃப்ளாட் வைத்திருப்பவருக்கு லீஸை நீட்டிக்கும் உரிமையை 1993-ம் வருடச் சட்டம் கொடுத்தது. ஃப்ரீஹோல்டருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மிச்சமிருக்கும் காலத்தோடு இன்னும் 90 வருடம் சேர்த்துப் புது லீஸ் தந்தாக வேண்டும். மண்ணுக்காக ஃப்ரீஹோல்டருக்கு வருடாவருடம் கட்டும் வாடகையான கிரவுண்டு ரெண்ட் அன்றோடு 'ஒரு மிளகு' ஆகிவிடும். சட்டப் பத்திரத்தில் நிஜமாகவே மிளகு என்றுதான் எழுதுவார்கள், அதுவும் கேட்டால் கொடுத்தால் போதும். நம் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சரக்கு, அங்கே 'ஒன்றுமில்லை' என்பதற்குச் சட்டச் சொல்லாகிவிட்டது. எந்த ஃப்ரீஹோல்டரும் மிளகு கேட்டு ஆள் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த 90 வருடத்துக்கு நீங்கள் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அது இரண்டு பாகம். ஒன்று, ஃப்ரீஹோல்டருக்கு ஏற்படும் இழப்பு: வராமல் போகிற கிரவுண்டு ரெண்ட், அப்புறம் 2106-ல் அவர் கைக்கு வரவேண்டிய ஃப்ளாட் இன்னும் 90 வருடம் தள்ளிப் போவது. இன்னொன்றுக்குப் பெயர் 'மேரேஜ் வேல்யூ'. குறைந்த கால லீஸ் நீண்ட கால லீஸாக மாறும்போது இரு தரப்புக்கும் சேர்த்துச் சொத்தின் மதிப்பு கூடுகிறது இல்லையா, அந்தக் கூடுதலில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. பெயரைப் பார்த்துக் கல்யாணச் செலவு என்று நினைத்தாலும் தப்பில்லை, மாப்பிள்ளை வீட்டுக்குப் பாதி போகிறது. நீட்டிப்பு கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் இந்த இரண்டாவது பாகம் கிடையாது. 80-ஐத் தொட்டுக் கீழே போனால் உண்டு.

எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். நீண்ட லீஸோடு உங்கள் ஃப்ளாட் 3,00,000 பவுண்டு போகும் என்று வைத்துக்கொள்வோம். கிரவுண்டு ரெண்ட் வருடத்துக்கு 10 பவுண்டு. 80 வருடம் 6 மாதம் கழித்துக் கிடைக்கப்போகிற 3,00,000-க்கு இன்று என்ன மதிப்பு? ஃப்ளாட்டுகளுக்கு வருடம் 5 சதவீதம் என்று கழித்துப் பார்ப்பது வழக்கம். 2006-ல் ஸ்போர்டெல்லி வழக்கில் லேண்ட்ஸ் டிரிப்யூனல் வைத்த விகிதம் அது. அப்படிக் கழித்தால் சுமார் 5,900 வருகிறது. புது லீஸ் போட்ட பிறகு, 170 வருடம் தள்ளி வரப்போவதற்கு இன்றைய மதிப்பு வெறும் 73 பவுண்டு. வித்தியாசத்தோடு கிரவுண்டு ரெண்டுக்கு ஒரு 140-ஐக் கூட்டினால், மொத்தம் ஏறக்குறைய 6,000 பவுண்டு.

அதே ஃப்ளாட், சரியாக ஒரு வருடம் கழித்து. 79 வருடம் 6 மாதம். முதல் பாகம் கொஞ்சம் கூடி 6,270 ஆகிறது, அது பெரிதில்லை. ஆனால் இப்போது மேரேஜ் வேல்யூ வந்து உட்காருகிறது. இந்தக் குறைந்த லீஸோடு ஃப்ளாட்டின் மதிப்பு 2,70,000 என்று சர்வேயர் (சொத்தை மதிப்பிடுபவர்) சொல்வதாக வைத்துக்கொண்டால், கூடும் மதிப்பு சுமார் 23,700. அதில் பாதி கிட்டத்தட்ட 11,900. மொத்தம் 18,000 பவுண்டைத் தாண்டுகிறது. ஒரே வருடத் தாமதம், தொகை மூன்று மடங்கு. அந்த 2,70,000 என்ற எண்தான் சண்டைக்குரிய எண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த லீஸின் மதிப்பு நீண்ட லீஸின் மதிப்பில் எத்தனை சதவீதம் என்று காட்டும் வரைபடங்கள் இருக்கின்றன, அவரவருக்குச் சாதகமானதை அவரவர் சர்வேயர் எடுத்துக்கொண்டு வருவார். 80-க்கு மேலே இருந்தால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை.

இனி நீங்கள் கேட்ட புதுச் சட்டம். 2024 மே 24 அன்று லீஸ்ஹோல்டு சீர்திருத்தச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. அதில் நல்ல அம்சங்கள் நிறைய: 90-க்குப் பதில் 990 வருடம், மேரேஜ் வேல்யூ அடியோடு போய்விடும், ஃப்ரீஹோல்டரின் வக்கீல் செலவைப் பொதுவாக நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. (முல்லைப் பெரியாறு குத்தகை 999 வருடம், 1886-ல் எழுதியது. அதற்கு ஒன்பது வருடம் குறைவு, அவ்வளவுதான்.) ஆனால் சட்டம் நிறைவேறுவது வேறு, அமலுக்கு வருவது வேறு. ஃப்ளாட்டை வாங்கி இரண்டு வருடம் ஆனால்தான் நீட்டிப்பு கேட்கலாம் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் போய்விட்டது. அது அமலுக்கு வந்த பகுதி. தொகையைக் கணக்கிடும் முறையை மாற்றுகிற பகுதி இதை எழுதும் 2026 பிப்ரவரி வரை அமலுக்கு வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் சிலர் சேர்ந்து தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, நல்லதுதான். ஆனாலும் கழிவு விகிதத்தை அரசு இன்னும் நிர்ணயிக்கவில்லை. மேலே பார்த்த அந்த 5 சதவீதம் 4 ஆனால் முதல் பாகமே இரண்டு மடங்குக்கு மேல் போகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்கள் விஷயத்தில் என் கருத்து: பொறுக்காதீர்கள். 68 வருடமோ 72 வருடமோ மிச்சமுள்ள ஒருவர், விற்கும் அவசரமும் இல்லை, மார்ட்கேஜும் மாற்ற வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவர் ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே இருக்கிறார், மேரேஜ் வேல்யூ போகும் வரை காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமை நேர் எதிர். இன்றைக்கே மேரேஜ் வேல்யூ இல்லாத பக்கத்தில் நிற்கிறீர்கள். 170 வருடத்துக்கும் 1,070 வருடத்துக்கும் வங்கிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. செப்டம்பருக்குள் புதுக் கணக்கு முறை வராவிட்டால் 12,000 பவுண்டு கூடுதலாகப் போகும், வந்தால் மிச்சமாவது வக்கீல் செலவில் ஒரு பகுதி. இந்தப் பந்தயத்தை நான் கட்டமாட்டேன்.

நடைமுறை இப்படி. முதலில் லீஸ் நீட்டிப்பில் பழகிய ஒரு சர்வேயரைப் பிடித்து மதிப்பீடு வாங்குங்கள். பிறகு சொலிசிட்டர் (உங்கள் வக்கீல்) 1993 சட்டத்தின் 'பிரிவு 42 நோட்டீஸ்' தயாரிப்பார். அதில் நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையும், கவுன்சில் பதில் தரவேண்டிய கடைசி நாளும் இருக்கும். அந்த நாள் குறைந்தது இரண்டு மாதம் தள்ளி இருக்க வேண்டும். முக்கியமான சங்கதி: நோட்டீஸ் கவுன்சில் கையில் சேர்ந்த நாள்தான் மதிப்பீட்டு நாள். அதன் பிறகு பேச்சு ஒரு வருடம் இழுத்தாலும், நடுவில் 80 வருடக் கோடு தாண்டினாலும், கணக்கு அந்த நாளிலேயே உறைந்து நிற்கும். செப்டம்பருக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று பதற வேண்டாம். நோட்டீஸ் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் போதும்.

'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பேரம் பேசும் பழக்கத்தில் நோட்டீஸில் 500 பவுண்டு என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பெயருக்கு ஒரு தொகை எழுதியதால் நோட்டீஸே செல்லாது என்று தீர்ப்பானது உண்டு. குறைவான எண்ணாக இருக்கலாம், ஆனால் ஒரு சர்வேயர் நியாயப்படுத்தக்கூடிய எண்ணாக இருக்க வேண்டும். நோட்டீஸுக்குப் பிறகு கவுன்சில் முன்பணம் கேட்கலாம்: நீங்கள் சொன்ன தொகையில் 10 சதவீதம், அல்லது 250 பவுண்டு, எது அதிகமோ அது. கேட்டால் 14 நாளில் கட்ட வேண்டும், தயாராக வைத்திருங்கள்.

கவுன்சில் பதில் நோட்டீஸில் உங்கள் உரிமையை ஒப்புக்கொண்டு வேறு ஒரு தொகை சொல்லும். உங்களுடையது 5,500 என்றால் அவர்களுடையது 8,000 என்று இருக்கலாம். இரண்டு சர்வேயர்களும் பேசி நடுவில் எங்காவது முடிப்பார்கள். முடியாவிட்டால் இந்தத் தகராறைத் தீர்க்கும் ஃபர்ஸ்ட்-டியர் டிரிப்யூனலுக்குப் போகலாம், பதில் நோட்டீஸ் வந்து இரண்டு மாதத்துக்குப் பின், ஆறு மாதத்துக்குள். பெரும்பாலும் விசாரணை வரை போகாது. ஆனால் அந்த ஆறு மாதக் கெடுவுக்குள் விண்ணப்பத்தையாவது போட்டு வைக்க வேண்டும். பேச்சு நன்றாகத்தான் போகிறது என்று விட்டுவிட்டால், கெடு தாண்டிய மறுநாளே உங்கள் நோட்டீஸ் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். அடுத்த நோட்டீஸ் கொடுக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் 79-ல் இருப்பீர்கள். கவுன்சில் பதிலே போடாவிட்டால் அதற்கு வேறு வழி: கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போனால் நீங்கள் எழுதிய நிபந்தனைப்படியே லீஸ் கிடைக்கும். அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு.

'எதற்கு இந்த நோட்டீஸ் கலாட்டா, நேராக எழுதிக் கேட்டால் தர மாட்டார்களா' என்பதும் உங்கள் மனதில் இருக்கும். தருவார்கள், சில சமயம் மலிவாகவும் தருவார்கள். ஆனால் அதில் எந்தக் கெடுவும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஹாரோவில் என் நண்பர் ஒருவருக்கு 80 வருடம் 4 மாதம் இருந்தது. ஃப்ரீஹோல்டர் தனியார், அவருடைய ஏஜென்ட் போனில் தேனாகப் பேசினார். "நோட்டீஸ் எல்லாம் வேண்டாம் சார், வக்கீல் செலவு மிச்சம், நாமே பேசி முடிச்சுக்கலாம்." ஒரு மாதம் மதிப்பீடு, ஒரு மாதம் 'டைரக்டர் லீவில் இருக்கிறார்', அப்புறம் கிறிஸ்துமஸ். ஐந்தாம் மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: லீஸ் இப்போது 80-க்குக் கீழே இருப்பதால் திருத்திய தொகை பின்வருமாறு. அதில் சட்ட விரோதம் எதுவுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நண்பர் முதல் வாரமே நோட்டீஸைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே தேன் பேச்சைத் தாராளமாகக் கேட்டிருக்கலாம்.

பேசி முடிக்கும் வழியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2022 ஜூன் 30-க்குப் பிறகு இப்படி நீட்டிக்கும்போது கூடுதலாகச் சேர்க்கும் காலத்துக்குக் கிரவுண்டு ரெண்ட் வாங்க முடியாது, ஆனால் பழைய காலம் முடியும் வரை பழைய ரெண்ட் தொடரலாம். உங்களுக்கு அது வருடம் 10 பவுண்டு, பரவாயில்லை. தனியார் கட்டடத்தில் 300, 400 என்று கட்டுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

செலவு: உங்கள் சர்வேயர், உங்கள் சொலிசிட்டர், அதோடு கவுன்சில் தரப்பின் நியாயமான வக்கீல் செலவும் மதிப்பீட்டுச் செலவும். டிரிப்யூனலில் அவர்கள் வாதாடும் செலவு உங்கள் தலையில் விழாது. நம் ஊர்க்காரர் ஒருவர் விசா, விவாகரத்து, வீடு எல்லாம் பார்க்கிறார், ஃபீஸும் குறைவு என்று அவரிடம் போகாதீர்கள். இது கெடுக்களின் மேல் நடக்கிற வேலை, இதையே செய்கிறவர்தான் வேண்டும். 'அலெப்' (ALEP) என்ற, இந்த வேலை செய்கிறவர்களின் சங்கத்தில் இருக்கும் சொலிசிட்டர், சர்வேயர் பட்டியல் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். அரசுப் பணத்தில் நடக்கும் லீஸ்ஹோல்டு அட்வைசரி சர்வீஸில் இலவச ஆலோசனை உண்டு, தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வசதி வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் சார்ஜும், கூரை மாற்றப் போகிறோம் என்று வருகிற பெரிய பில்களும் இதனால் எதுவும் மாறாது, அது தனிக் கதை.

கடைசியாக ஒன்று, நம் ஆட்களுக்கென்றே வருகிற சிக்கல். நீங்கள் அனுப்பிய பிரதியில் உங்கள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. உங்கள் மனைவி பெயரில் இனிஷியல் மட்டும். மின்னஞ்சலில் அவர் பெயர் வேறு மாதிரி, உங்கள் பெயரைப் பின்னால் சேர்த்து. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உரிமையாளராகப் பதிவாகியிருப்பவர், அதில் இருவர் இருந்தால் இருவரும். பெயர் பொருந்தவில்லை என்று கவுன்சில் வக்கீல் ஒரு கேள்வி கிளப்பினால், அதைத் தீர்ப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும். இந்த வாரமே சொலிசிட்டரிடம் பெயர் எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, பதிவைத் திருத்த வேண்டுமா, இல்லை ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதுமா என்று கேளுங்கள். சர்வேயருக்கு போன் செய்வது அதற்கு அடுத்த வேலை.